பேசும் பெட்டியும் ராமுலுவின் காளான் வண்டியும்

கோட்டைமேட்டு பீர் முகம்மதுவுக்கு ராமுலு நாற்பத்தையாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். காளான் வண்டி செய்த கடன். தகடு, சக்கரம், கூரை, அடுப்பு வைக்கும் மேடை எல்லாமே பாயின் வெல்டிங் பட்டறையில் தயாரானவை. பாய் வட்டி கேட்கவில்லை, எழுத்தும் கேட்கவில்லை. "ஓட ஓடக் குடுங்ணா" என்றதோடு சரி. ஒரு வருஷம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பணம்தான் பாயிடம் போய்ச் சேரவில்லை.

இத்தனைக்கும் ராமுலு கெட்டிக்காரர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆயுசில் பாதியை ஃபவுண்டரியில் இரும்பு காய்ச்சிக் கழித்தவர். அவருக்கு ஐம்பத்தாறு வயதானபோது ஃபவுண்டரியை மூடிவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்கள். இன்னொருவர் வீட்டுக் கேட்டைத் திறந்து மூடுவதற்கா இந்தக் கை என்று ராமுலு காளான் போட இறங்கினார்.

கோயம்புத்தூரில் காளான் வண்டிக்குப் பஞ்சமா என்ன? காளானையும் முட்டைக்கோசையும் மாவில் புரட்டிப் பொரித்து, கல்லில் கொத்தி, மசாலாவில் கொதிக்கவிட்டு, வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவது. தெருவுக்கு ஒருவர் போடுகிறார். அப்படியிருக்க ராமுலு வண்டிக்கு மட்டும் கூட்டம் வந்ததென்றால் அது சும்மா வந்துவிடவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் போடு, காசு புழங்கும் இடம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ராமுலு ஒரு சாயங்காலம் போய் நின்று பார்த்தார். அங்கே நடமாடியவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தார்கள். கணபதியில் பட்டறை விட்டு வருகிறவனோ பசியோடு வருகிறான். வண்டியைக் கணபதியிலேயே நிறுத்தினார். 'பாதி காளான், பாதி கோஸ்' என்று போர்டிலேயே எழுதிப் போட்டார். எல்லாரும் செய்வது, ஒருவரும் சொல்லாதது. ஜனம் சிரித்துக்கொண்டே வாங்கித் தின்றது.

அப்புறம் பணம் எங்கே போயிற்று? ராமுலுவின் வாயில் போயிற்று. "ங்ணா, சம்பளத்தன்னைக்குத் தாரேன்" என்று யாராவது சொன்னால் போதும். "அதுக்கென்னங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்பார். காசு கேட்பது எதிராளியைக் கையைப் பிடித்து இழுப்பதுபோல் அவருக்குக் கூசும். இந்தச் சீமையில் பாதிக் கடைகள் இந்த மரியாதையில்தான் மூடுகின்றன. கடை போட நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ளட்டும்.

ஒருநாள் பீர் முகம்மது வந்தார். ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுக் காசை நீட்டினார்.

"பாய், உங்ககிட்டப் போய்க் காசு வாங்குவனுங்களா?"

"இதானுங்ணா உங்க சீக்கு. எனக்கும் அதே சீக்குத்தான். இதைக் கேக்கறதுக்கு மூணு வாரமா வந்து வந்து காளானத் தின்னுபோட்டுப் போறேன்."

"எதைங்க பாய்?"

"பட்டறைக்கு இரும்பு எடுக்கோணுங்ணா. பத்தாந்தேதிக்குள்ள பணம் வேணும். இல்லீன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துப்போடுவேன். கோவிச்சுக்காதீங்க."

"இதுல கோவம் என்னங்க" என்று ராமுலு சிரித்தார். கல்லிலிருந்த காளானைக் கிண்டத்தான் மறந்துவிட்டார். வண்டி போனால் கேட்டைத் திறந்து மூடும் வேலைதான்.

மறுநாளே 'கடன் கிடையாது' என்று ஒரு போர்டு தொங்கியது. லேத் பட்டறைத் தம்பிதுரை அதை நிறுத்தி நிதானமாகப் படித்தான். கடையில் பெரிய பாக்கிக்காரன் அவன்தான். "எனக்குமாங்ணா?" என்றான். "சேச்சே, அது உங்களுக்கில்லீங்க" என்று சொல்லிவிட்டார் ராமுலு. அன்றைக்கு வந்த எல்லாருக்கும் அதையேதான் சொன்னார்.

மனைவி பங்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, போர்டு எழுதின காசும் தண்டம். உங்களுக்குக் கேக்க வராது. கேக்கறதுக்கு ஒரு ஆளக் கூட்டியாரேன்" என்று பேங்க்குக்குப் போனார். போனில் பணம் அனுப்பினால் தொகையை உரக்கச் சொல்லுமே, அந்தப் பெட்டியோடு திரும்பி வந்தார். வண்டியின் நெற்றியில் அதைக் கட்டினார். "இது பேசினாத் தட்டு. இல்லீன்னா இல்ல. ரொக்கம் என் கையில. நீங்க வாய மூடிக்கிட்டுக் காளானக் கிண்டுங்க."

சாயங்காலம் தம்பிதுரை வந்தான். பின்னால் பெரிய வரிசை.

"ங்ணா, ஒரு தட்டு. நம்ம கணக்குல."

ராமுலு பெட்டியைப் பார்த்தார். பெட்டி கம்மென்று இருந்தது. "எனக்குச் சரிதானுங்க தம்பி. இந்தப் பொட்டிக்குத்தான் மனசு வர மாட்டேங்குது."

வரிசை கொல்லென்று சிரித்தது. தம்பிதுரை போனை எடுத்தான். 'நாற்பது ரூபாய் பெறப்பட்டது' என்று பெட்டி தெருவுக்கே கேட்க முழங்கியது.

"ஏப்பா, பழசு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தம்பிதுரைக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுபடி போனைக் காட்டினான். 'ஆயிரத்து இருநூறு ரூபாய் பெறப்பட்டது.' விசில் பறந்தது. அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தட்டை வாங்கினான்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. பாக்கி வைத்திருந்தவர்களெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். கூட்டம் சேர்ந்த நேரம் பார்த்து, பெட்டி தங்கள் தொகையைச் சொல்வதற்காகவே வந்து கட்டினார்கள். பஸ்ஸுக்குப் போகிறவர்கள், இங்கே என்னய்யா நிமிஷத்துக்கு ஒருதரம் காசு விழுகிறது என்று நின்று பார்த்துச் சாப்பிட்டார்கள். நோட்டீஸ் அடிக்கவில்லை, மைக் கட்டவில்லை. வியாபாரம் இரட்டித்தது. ராமுலு கல்லில் கொத்துகிற தாளமே மாறிப்போயிற்று.

ஆனாலும் பத்தாந்தேதிக்குப் பணம் முழுசாகத் தேறுமா என்பது சந்தேகம்தான். அப்போது போன் வந்தது. ஆர்.எஸ்.புரத்துப் பட்டுக்கடைக்கார அம்மா அன்புக்கரசி. எட்டாந்தேதி அவிநாசி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் மகளுக்கு வரவேற்பு. முந்நூறு தட்டு காளான் சுடச்சுட வேண்டும்.

"செஞ்சுபோடலாமுங்க" என்ற ராமுலு நிறுத்தினார். போனில் பேசும்போது அவருக்காகக் கேட்கப் பெட்டி கிடையாது. "அட்வான்ஸ் பாதி குடுத்தீங்கன்னாத்தானுங்க அம்மணி, தேதி உறுதி."

"ஏனுங்க, எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா?"

"உங்க மேல மலையாட்டம் நம்பிக்கை இருக்குதுங்க. காளான் பண்ணைக்காரன் எம்மேல வெக்க மாட்டேங்கறானே."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சற்று நேரத்தில் பெட்டி ஆறாயிரம் ரூபாய் என்று அறிவித்தபோது, ராமுலுவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அறுபதை நெருங்கும் வயதில், வாய் திறந்து அவராகக் கேட்டு வாங்கிய முதல் காசு அது.

அந்தப் பணத்தைக் கடனுக்கு எடுக்கலாமே என்றார் பங்காரம்மா. "கூடாது புள்ளே. அது அவங்க காளான். இன்னும் நம்ம காசாகல" என்று தனியே முடிந்து வைத்தார் ராமுலு. முன்பணத்தை லாபமென்று நினைத்துச் செலவழித்துக் கவிழ்ந்தவர்கள் எத்தனை பேர்.

எட்டாந்தேதி மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் விருந்தையே விட்டுவிட்டு வண்டியைச் சுற்றி நின்றார்கள். முந்நூறு தட்டும் பறந்து, இன்னும் கேட்டார்கள். மிச்சப் பணத்தைப் பந்தல் பிரிக்கும் முன்பே போய்க் கேட்டு வாங்கினார் ராமுலு. இந்தத் தடவை பேச்சை நடுவில் நிறுத்தவில்லை.

பத்தாந்தேதி காலை, பேங்க்கில் எடுத்த நோட்டுக் கட்டோடு பட்டறையில் போய் நின்றார். பாய் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினார்.

"போன்லயே போட்டுருக்கலாமுங்களேண்ணா."

"போடலாமுங்க. நான் குடுக்கறத நானே பாக்கோணுமுங்க பாய்."

"சரி, அப்படியே குடுங்க. எண்ணோணுமா என்ன, நமக்குள்ள."

"எண்ணித்தானுங்க. கைய நீட்டுங்க."

பாய் கரி படிந்த உள்ளங்கையை விரித்தார். ராமுலு விரலில் எச்சில் தொட்டு, ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக அதில் வைத்தார். பட்டறையில் எல்லாரும் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நாற்பத்தி நாலாயிரம், நாற்பத்தி நாலாயிரத்து ஐந்நூறு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசித் தாளைப் பாயின் கையில் வைத்து அழுத்தினார். "நாற்பத்தையாயிரமுங்க."