கார்பன் மட்டைக்கு ஆரத்தி

குனோங் ராபாட் கோயிலில் ஆயுத பூசையன்று நான் பதிகம் பாடி முடித்தபோது, நரைத்த மீசைக்காரர் ஒருவர் ஹாக்கி மட்டையைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். அடிக்கடி அதை விரலால் தட்டி, விரிசல் ஓசை வருகிறதா என்று காதுகொடுத்தார். அம்பாள் முன் கிடத்திய அம்மட்டைக்குக் குருக்கள் கற்பூரத் தட்டைக் காட்டியதும் மீசைக்காரர் பதறிவிட்டார்.

“சாமி, கிட்ட கொண்டு போகாதீங்க! இது மரம் இல்ல, கார்பன் லா. சூடு பட்டா உள்ள பசை விட்டுரும்.”

“அப்போ அருள் வேண்டாமா?”

“வேணும் சாமி! நாளைக்கு எங்க வயசானவங்க வெட்டரன் டீமுக்குப் பைனல் லா!”

ஆரத்தியின் சூட்டை உள்ளங்கைகளில் ஏந்தினார். ஊதி ஊதி ஆற்றினார். பிறகு மட்டையை மெல்ல வருடினார். என்னிடம் திரும்பி, “ஐயா, சூடு போயிருச்சு. அருள் இருக்கும்தானே?” என்று கேட்டார்.

நெடுங்காலம் பதிகம் பாடியவன் நான். அந்த மட்டையைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டேன்.