திருப்பி அனுப்பாத தகடு

எண்பதுகளின் கடைசியில், கிழக்கு லண்டனின் பிளேஸ்டோவில் நாங்கள் ஏழு பேர் ஒரே வீட்டில் இருந்த காலத்தில், அரசாங்க மீன் ஒன்றைச் சமைத்துச் சாப்பிட்டோம். அதைக் குற்றம் என்றுதான் அன்று நினைத்தோம்.

எங்களில் மூத்தவர் மீன் சந்தையில் பெட்டி அடுக்கும் வேலை செய்தார். எல்லோருக்கும் அவர் அண்ணை. ஒருநாள் மத்தியானம் செய்தித்தாளில் சுற்றி ஒரு மீன் கொண்டு வந்தார். வெள்ளி நிறம், முதுகில் கறுப்புப் புள்ளிகள், என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம். கடல் டிரவுட் என்றார். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்க் கொழுத்து, மறுபடி ஆற்றுக்கே வருகிற சாதியாம். அன்று மீன் வெட்டுவது என் முறை. முதுகுச் செட்டைக்குக் கீழே கத்தி எதிலோ தட்டுப்பட்டது. மெல்லிய கம்பியில் கோத்த, நகத்தளவு மஞ்சள் பிளாஸ்டிக் தகடு. ஒரு பக்கம் இலக்கம். மறுபக்கம், கண்டெடுத்தவர் திருப்பி அனுப்பவும் என்று ஓர் அலுவலக விலாசம்.

அண்ணை அதை வாங்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"நம்பர் போட்ட மீனடா. கவர்மென்ட்டின்ரை. ஒருத்தரும் வாய் திறக்கப்படாது."

ஏழு பேரின் அகதிக் கேஸும் முடியாமல் இழுபட்ட நேரம். கடிதம் போட்டால் பெயரைக் கேட்பார்கள். பெயரைக் கேட்டால் கேஸைத் தோண்டுவார்கள். அப்படித்தான் எங்கள் மூளை ஓடியது. புளி விட்டுக் குழம்பு வைத்தோம். முள்ளையும் தலையையும் அடுத்த தெருக் குப்பைத் தொட்டியில் போட்டோம். தகட்டையும் எறியச் சொன்னார் அண்ணை. எனக்கு மனம் வரவில்லை. அரசாங்க இலக்கம் போட்ட எதையும் எறிந்து பழக்கமில்லாத வளர்ப்பு. என் கேஸ் பேப்பர்கள் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகி வைத்தேன். குழம்பு, சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

நாலு வருடம் கழித்து, யாழ்ப்பாணத்தில் அம்மாவோடு இருந்த தம்பியை லண்டனுக்கு வரச்சொல்லி எழுதினேன். அம்மாவுக்கு விருப்பமில்லை. அவனை அங்கே வைத்திருந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கோபமாக எழுதியவன் நான்தான். அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்றும் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கும். சண்டையால் தரைப்பாதை மூடிக் கிடந்ததால், தம்பி கடல்நீரேரியைப் படகில் கடந்து கொழும்புக்குப் போகப் புறப்பட்டான். என் பிளேஸ்டோ விலாசத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, பொலித்தீனில் சுற்றி, அவன் காற்சட்டையின் இடுப்புப் பட்டிக்குள் வைத்துத் தைத்துவிட்டார் அம்மா. ஏதும் நடந்தால் அறிவிக்க ஓர் இடம் வேண்டுமே. அவன் படகு ஏறியதைக் கண்டவர் இருந்தார். இறங்கியதைக் கண்டவர் இல்லை.

அதன் பிறகு அம்மாவின் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே கேள்வி: "அங்கை ஏதும் கடிதம் வந்ததே ராசா?"

நானும் ஒரே பதிலைத்தான் எழுதினேன். "ஒண்டும் வரேல்லை அம்மா. வராதது நல்லதுதான்."

என் கணக்கு எளிது. அவன் செத்திருந்தால் உடல் எங்காவது ஒதுங்கியிருக்கும். யாராவது கண்டிருப்பார்கள். இடுப்பில் விலாசம் இருக்கிறது, எழுதியிருப்பார்கள். கடிதம் இல்லையென்றால் சாவும் இல்லை. கல்யாணம் முடித்ததும், லண்டனின் தெற்கே கோலியர்ஸ் வுட்டில் தன் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் போய் இருப்போம் என்றாள் மனைவி. விலாசம் மாறக்கூடாது என்று சண்டை பிடித்து அதே வீட்டிலேயே இருந்தேன். மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆற்று மீன்களை ஆராயும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பல கிளைகளிலிருந்து வந்த பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இளம் மீன்களுக்குத் தகடு கட்டி ஆற்றில் விட்ட நாள், இடம், நீளம் எல்லாம் இடப்பக்கம். யாராவது பிடித்துத் தகட்டை அனுப்பினால் அந்த விபரம் வலப்பக்கம். வலப்பக்கம் பெரும்பாலும் வெறுமை. இவையெல்லாம் இன்னும் நீந்திக்கொண்டிருக்கின்றனவா என்று என் மேலதிகாரியான ஸ்கொட்லாந்துப் பெண்மணியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். பாதி கடலிலேயே செத்திருக்கும், பல பிடிபட்டிருக்கும், பிடித்தவர்கள் சோம்பலில் தகட்டை அனுப்பாமல் விட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் பயத்தில் விட்டிருப்பார்கள் என்றார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அடுத்த வாரம் அந்த இலக்கம் வந்தது. உறையைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டு மனப்பாடமாகிப் போன இலக்கம். முழங்கை நீளத்துக்கு நாங்கள் தின்ற மீன், ஆற்றில் விட்ட அன்றைய அந்த வரியில் ஒரு சாண்கூட இல்லை. வலப்பக்கம் வெறுமை. இவர்கள் கணக்கில் அது இன்னும் எங்கோ கடலில் இருக்கலாம். அதைத் தின்றவன் இந்த மேசையில் இருக்கிறான்.

அப்போதுதான் என் கணக்கு உடைந்தது. நீரேரிக் கரையில் யாரோ ஒருவன் தம்பியைக் கண்டிருக்கலாம். இடுப்புப் பட்டியைப் பிரித்துக் கடதாசியை எடுத்திருக்கலாம். எழுதினால் பெயர் கேட்பார்கள், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அவன் வீட்டிலும் வாய் திறக்காதே என்று சொல்ல ஓர் அண்ணை இருந்திருப்பார். எறியவும் மனமில்லாமல் எங்காவது செருகி வைத்திருப்பான். அவனைத் திட்டக்கூட என்னால் முடியவில்லை. கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் தகட்டைக் கொண்டுபோய் மேலதிகாரியின் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. சந்தோஷமாக வலப்பக்கத்தை நிரப்பினார். தகடு அனுப்பியவர்களுக்கு நன்றிக் கடிதம் போடுவது அங்கே வழக்கம். அதைத் தட்டச்சு செய்வது என் வேலை. என் பெயருக்கு, என் பிளேஸ்டோ விலாசத்துக்கு நானே தட்டச்சு செய்தேன். மீனை எங்கே விட்டார்கள், அது எத்தனை நாள் உயிரோடு இருந்தது எல்லாம் அதில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அது கதவின் தபால் துளை வழியே வாசலில் விழுந்தது. நானே அனுப்பிய கடிதம் என்று தெரிந்தும், சத்தம் கேட்டவுடன் வழக்கம்போல் ஓடிப்போய்த்தான் எடுத்தேன். அன்று அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தேன். ஒண்டும் வரேல்லை அம்மா என்று எழுதினேன். அடுத்த வரி வரவில்லை. அப்படியே ஒட்டி அனுப்பிவிட்டேன்.

அம்மாவின் பதில் வர இரண்டு மாதமானது. மழை, வீட்டுக் கூரை, என் சாப்பாடு எல்லாவற்றையும் பற்றி எழுதியிருந்தார். அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை.