பென்சிலில் எண் போட்ட ஏழு தாள்கள்

‘அவை என் தாள்கள் ஐயா.’ அன்று நான் சொல்லாதது இது ஒன்றுதான்.

நூர்ஜஹான் அக்கா போன வெள்ளிக்கிழமை நெல்லித்தோப்பில் காலமானார். எங்கள் சட்டக் கல்லூரி நூலகத்தில் ஒப்பந்த ஊழியராக இருந்தவர். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கீழே எல்லோரும் அழுகிற முகங்களை அனுப்பியிருந்தார்கள். நானும் ஒன்று அனுப்பினேன்.

புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பியவர்களுக்கு அவர் குரல் நினைவிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “சொல்லு, உன் பக்கம் இன்னா? கடல்ல உழுந்துடுச்சா, ஆடு மேஞ்சிடுச்சா?” என்பார். பொய்யென்று தெரிந்தாலும் முழுக்கக் கேட்பார். “கேக்காம பேர எழுதக் கூடாது பாப்பா.”

நான் இறுதியாண்டில் இருந்தபோது சட்ட நாள் விழாவில் பேச்சுப் போட்டி. என் தலைப்பு, ‘எவரையும் கேட்காமல் தண்டிக்கலாகாது’. பேச்சை எழுதிவைத்திருந்த, பக்க எண் போடாத ஏழு தாள்கள் மின்விசிறிக் காற்றில் நாற்காலிகளுக்கு அடியில் பறந்தன. “நீ போய் நில்லு, நான் பொறுக்கியாறேன்” என்று அக்கா குனிந்தார். அந்நேரம் அரசியலமைப்பின் முகவுரையை எல்லோரும் எழுந்து வாசிக்கத் தொடங்கினோம். பின்வரிசையில் அவர் மட்டும் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் படித்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

வாசிப்பு முடிந்ததும் கல்லூரி முதல்வர் மைக்கிலேயே கேட்டார்: “நூலகத்தம்மா, முகவுரைக்குக்கூட எழுந்திருக்க மாட்டீங்களோ?” சிலர் சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் மேடையைப் பார்த்தேன். தாள்கள் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தன. பேசினேன். முதல் பரிசு.

மறுநாள் அவரிடம் விளக்கம் கேட்கவில்லை. மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். அக்கா வெள்ளைத்தாளை என் முன் வைத்து, “எனக்கு இதெல்லாம் எழுத வராது. நீதான பரிசு வாங்கனவ” என்றார். ‘எழுந்து நிற்காதது என் கவனக்குறைவு’ என்று எழுதினேன். என் தாள்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அக்கா படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“சொல்லு, உன் பக்கம் இன்னா?”

“இன்டர்னல் மார்க்கு பிரின்சிபல் கையிலக்கா...”

முழுக்கக் கேட்டார். பிறகு கையெழுத்திட்டார்.

இப்போது நான் வழக்கறிஞர். கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் அக்காவின் கேள்வியைத்தான் கேட்கிறேன், என்னுடையதைப் போல. அந்த ஏழு தாள்களும் என்னிடம் இருக்கின்றன. மூலைகளில் அவர் பென்சிலால் போட்ட எண்கள் இன்னும் அழியவில்லை.

அந்தக் கல்வியாண்டின் முடிவில் அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணமாகக் காட்டியது, நான் எழுதிய அந்தக் கடிதத்தை.