சட்டைப்பையில் இரண்டு பூட்டுகள்

தன் குழுவில் ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று, ஜெர்மனியின் டோர்ட்மண்டில் எந்தத் தமிழர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இராசலிங்கம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். மின்சார நிறுவனமொன்றில் கேபிள் பழுதுபார்க்கும் குழுவுக்கு மேற்பார்வையாளர் அவர். 2006 மாசி மாதம்வரை அந்தப் பெருமை ஓயவில்லை.

கேபிளில் மின்சாரத்தை நிறுத்த, தெருமூலை மின்பெட்டியில் ஃபியூஸ்களைக் கழற்றியதும் மேற்பார்வையாளர் ஒரு பூட்டுப் போடவேண்டும். குழியில் இறங்குகிறவர் தன் கையாலேயே இன்னொன்று போடவேண்டும். வேறு யாரும் ஃபியூஸைத் திரும்பப் போட்டுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அன்று குழியில் இறங்கவேண்டிய செல்வரட்ணம் தன் பூட்டையும் அவரிடமே நீட்டினான்.

"நீங்களே போட்டுவிடுங்கோ அண்ணை. நான் வந்து பாத்தா உங்களை நம்பாத மாதிரியெல்லோ."

மனுசனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பூட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஃபியூஸ்களைக் கழற்றும்போது அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசிக்கொண்டே பெட்டியைச் சாத்தினார். பக்கத்துத் தெருவிலிருந்த குழிக்குப் போய், கம்பியில் மின்சாரம் இல்லையென்று சோதித்து, "தொடங்கு" என்றார். பிறகு வண்டியடிக்கு நடந்தார்.

குளிருக்குக் கையைப் பைக்குள் விட்டார். இரண்டு பூட்டும் அங்கேயே கிடந்தன.

செல்வரட்ணத்தின் தொலைபேசி வண்டிக்குள் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், பனி உறைந்த தெருவில், விழுந்தெழும்பி ஓடினார். அவன் மனைவி ஜெயமலரிடம் என்ன சொல்வது என்பது மட்டுமே மண்டைக்குள் ஓடியது.

"கை வைக்காதை. மேல வா."

செல்வரட்ணம் குழிக்குள் குந்தியிருந்து, விறைத்த விரல்களை ஊதிக்கொண்டிருந்தான். ஒன்றும் புரியாமல் ஏறி வந்தான். இராசலிங்கம் குனிந்து சோதனைக் கருவியைக் கம்பியில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

மின்சாரம் போய்விட்டதென்று யாரோ முறையிட, அதே நிறுவனத்தின் அவசரப் பிரிவு ஆள் வந்து, பூட்டில்லாத பெட்டியைத் திறந்து ஃபியூஸ்களைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். அவனில் பிழையில்லை. அறிக்கையில் பிழை விட்டவர் என்று இராசலிங்கம் தன் பெயரையே எழுதினார்.

அடுத்த கிழமை வேறொரு தெரு. பழக்கதோஷத்தில் செல்வரட்ணம் மறுபடியும் பூட்டை நீட்டினான். இராசலிங்கம் அதை வாங்கவில்லை.

"நீயே வந்து போடு. என்னை நம்பாதை."