ஆறாம் விரலும் திருப்பி வாங்கிய தாம்பூலமும்

இதை வாசிக்கும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மா! மலைமேல் மஞ்சக்குட்டையில் குடியிருந்து, காபி எஸ்டேட் ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் எழுதிக்கொள்வது. பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மற்றதெல்லாம் கைக்குக் கிடைத்ததை வாசித்துத் தெரிந்துகொண்டது. இது இரண்டு குடும்பங்களின் இரத்தத்தைப் பற்றிய செய்தி என்பதால் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எங்கள் வழக்கம். என் மனைவியின் தம்பி கரடியூரில் இருக்கிறார். அவர் மகளை என் மகனுக்கு எடுத்தோம். அன்றைக்கே, என் மகளை அவர் மகனுக்குக் கொடுப்பதாக வாக்களித்துத் தாம்பூலத் தட்டும் மாற்றிக்கொண்டோம். மகள் அப்போது படித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த பின் திருமணம் என்று முடிவாயிற்று.

மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரு கைகளிலும் ஆறு விரல். பார்த்த மருத்துவர், "எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தடவை முழுசாப் பரிசோதனை பண்ணிடுங்க" என்றார். நான் சிரித்தேன். "அதிர்ஷ்டத்தை யாராவது பரிசோதனை பண்ணுவாங்களா டாக்டரம்மா?" என்று கேட்டு, எஸ்டேட் முழுவதும் சர்க்கரை வழங்கினேன். அந்த மடமை முழுக்க முழுக்க என்னுடையது. வேறு எவர்மீதும் அதைச் சாட்ட மாட்டேன்.

குழந்தைக்கு ஐந்து வயதானபோது, மாலை வெளிச்சம் மங்கியதும் சுவரைத் தடவித் தடவி நடக்கத் தொடங்கினாள். அடிவாரம் இறங்கி, சேலம் கடந்து, கோவையில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். விழித்திரை பழுது, சிறுநீரகமும் பலவீனம். மரபணு மருத்துவர் ஓர் அம்மையார். என் வயதையும் படிப்பையும் பாராமல், தாளில் படம் வரைந்து விளக்கினார்.

ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் சென்ட்ரியோல் என்று இரண்டு குட்டிப் பீப்பாய்கள் உண்டாம். நுண்குழாய்களை மும்மூன்றாகக் கட்டி, ஒன்பது கட்டுகளை வட்டமாக நிறுத்தியது போன்ற அமைப்பு. உயிரணு பிரியும் காலத்தில் அவை பெருகி, இரு கோடிக்கும் சென்று, நடுவில் இருக்கும் குரோமோசோம்களைச் சரிபாதியாக இழுத்துப் பிரிக்கும் நூல்களுக்கு முனையாக நிற்கின்றன. பிரியும் வேலை முடிந்தபின் ஒரு பீப்பாய் உயிரணுவின் விளிம்புக்கு வந்து ஊன்றிக்கொள்கிறது. அதன்மேல் சிலியா எனப்படும் மெல்லிய முடி முளைக்கிறது. சிறுநீரகத்தில் நீரோட்டத்தை உணர்வது அம்முடியே. கண்ணில் ஒளியை வாங்கும் பாகம் தொங்குவது அப்படிப்பட்ட ஒரு காம்பில்தான். கருவில், விரல்கள் எத்தனை என்ற செய்தியைப் பெறுவதும் அதன் வழியாகவே.

அந்தப் பீப்பாயைக் கட்டும் புரதங்களில் ஒன்று எங்கள் பேத்திக்குக் குறையுடையது. அதன் பெயர் எழுத்தும் எண்ணும் கலந்தது. "பிரியற வேலை எப்படியோ நடந்துடுச்சு. முடி முளைக்கற வேலைதான் கெட்டுப்போச்சு" என்றார் அம்மையார். சில்வர் ஓக் மரம் இல்லாத இடத்தில் மிளகுக்கொடி ஏறாது என்பது எனக்குத் தெரியும், ஆகவே விளங்கியது.

மேலும் சொன்னார்: அப்புரதத்துக்கான எழுத்து, அதாவது மரபணு, ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி உண்டு. ஒன்று பிழையானாலும் ஆள் நலமாகவே இருப்பார். தாயும் தந்தையும் பிழைப் பிரதியையே கொடுத்தால்தான் பிள்ளைக்கு நோய். என் மகனிடம் ஒன்று, மருமகளிடம் ஒன்று. ஒரே கொடிவழியில் வந்தவை. அக்கணமே என் மகளும் அந்தத் தாம்பூலத் தட்டும் நினைவுக்கு வந்தன.

மருமகளை அழைத்துக்கொண்டு ஷேர் ஜீப்பில் கரடியூர் போனேன். மைத்துனர் காபிக்கொட்டை உலர்த்திக்கொண்டிருந்தார். திருமணத்துக்கு முன் இரு பிள்ளைகளும் இரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்றேன்.

"ஏனுங்க மாமா, நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் எந்த லேப்புல சீட்டு வாங்கிட்டுத் தாலி கட்டுனாங்க? ரைட்டர் உத்தியோகம் பாத்த புத்தி, ரத்தத்துக்கும் ரெஜிஸ்தர் போடறீங்க!"

"மாப்ள, நான் சொல்றதைக் கேளுங்க."

"பொண்ணு குடுக்க மனசில்லீன்னா நேராச் சொல்லிப்போடுங்க. எம்பொண்ணை இன்னைக்கே இங்கயே நிறுத்திக்கறேன்."

எதிர்பாராமல் என் மருமகள் பேசினாள். "நான் இருக்க மாட்டேனுங்கப்பா. எம்புள்ள பொழுது சாஞ்சா செவுத்தைத் தடவறா. இந்த ஊட்லயும் ஒரு புள்ள அப்பிடித் தடவோணுமாங்க?"

களத்தின் ஓரத்தில் ஜீப் கழுவிக்கொண்டிருந்த அவள் தம்பி, அதாவது மாப்பிள்ளையாக வேண்டியவர், குழாயை மூடினார். "எனக்கு ஊசின்னா நொம்பப் பயமுங்க மாமா. ஆனா வர்றேன். அக்காவை நிறுத்துனா அம்மா கோவிச்சுட்டு அடுப்புப் பத்தவெக்காது, அப்பாவே சோறாக்கிப் போடோணும், அதைத் திங்கறதுக்கு ஊசியே தேவலை."

வாசலில் நின்ற அவருடைய தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மைத்துனர் சிரிக்கவில்லை, ஆயினும் மறுக்கவும் இல்லை.

முடிவு வந்தது. என் மகளிடமும் பிழைப் பிரதி ஒன்று, மாப்பிள்ளையாக வேண்டியவரிடமும் ஒன்று. நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, ஒவ்வொரு கருவுக்கும். கருவிலேயே பார்த்துக்கொள்ள வழி உண்டு, மணப்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம் என்று அம்மையார் தெளிவாகச் சொன்னார். இருவரும் தனியே அமர்ந்து பேசினார்கள். வெளியே வந்து என் மகள், "வேண்டாமுங்கப்பா. ஒவ்வொரு தடவையும் பயந்துட்டே காத்திருக்க என்னால ஆகாது" என்றாள். அவரும் தலையசைத்தார்.

நானே கரடியூருக்குப் போய், கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கினேன். வாக்குத் தவறியவன் என்று சிலர் பேசினார்கள். அந்தப் பேச்சுக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

மைத்துனர் ஓராண்டு எங்கள் வாசல் மிதிக்கவில்லை. மகளுக்கு அடிவாரத்தில், உறவில்லாத குடும்பத்தில் வரன் அமைந்தது. மணமகனின் இரத்தத்தில் அந்தப் பிழை இல்லை. தாய்மாமன் சீர் இல்லாமல் மணமேடை ஏறுவதில்லை என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். முகூர்த்தத்துக்கு முன்பாகவே மைத்துனர் சீர்த்தட்டோடு வந்துவிட்டார். என்னைப் பார்த்து, "மாமனாரா நிக்க வேண்டியவன், மாமனாவே நிக்கறேனுங்க. எங்க நிக்கோணும், காட்டுங்க" என்றார். நான் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துச் சென்றேன்.

பேத்தி இப்போது தடித்த கண்ணாடி அணிந்து, பள்ளியில் முதல் வரிசையில் அமர்ந்து படிக்கிறாள். சிறுநீரகத்துக்கு மருந்து தொடர்கிறது. எங்கள் இரு குடும்பத்திலும் இனித் தட்டு மாற்றுமுன் இரத்தம் பார்ப்பது என்று முடிவாகியுள்ளது. நாங்கள் போனபின் வருகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும். ஆகவே இந்த எழுத்தை எறிந்துவிடாமல் பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.