வால் இருக்கு

கதை விட எனக்குத் தெரியாது. சைக்கிள் விடத்தான் தெரியும். அதனால் இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் ஜோடிக்கவில்லை. அன்றைக்கு என்னோடு வந்த நான்கு பேரும் இப்போதும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்றுவரை என் போனை எடுப்பதில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

நானும் என் தம்பியும் சேர்ந்து ஒரு சின்னத் தொழில் நடத்துகிறோம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்குச் சைக்கிள் கொடுத்து, ஏரிக்கரையோரமாகவே ஓட்டிக்கொண்டு போய், காட்டுப் பாதை வழியாக மறுகரையில் இருக்கும் விடுதியில் சேர்ப்போம். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் விடுதி. வழி நெடுக இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் மரம். வருகிறவர்கள் அப்படியே சொக்கிப்போவார்கள்.

நான் முன்னால் போவேன். தம்பி கடைசியில் வருவான். கடைசியில் வருகிறவனுக்கு எங்களிடம் பெயர் 'வால்'. வாலுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். யாராவது படம் எடுக்க நின்றாலும், செயின் கழன்று நின்றாலும், வாலும் அவரோடு நின்றுவிடும். அதனால் நான் தலைகளை எண்ணுவதில்லை. திரும்பிப் பார்ப்பதும் இல்லை. அந்த வளைவுகளில் திரும்பிப் பார்த்தால் நேரே ஏரிக்குள்தான் போய் விழ வேண்டும். அதற்குப் பதிலாக "வால்?" என்று ஒரு குரல் கொடுப்பேன். பின்னாலிருந்து "இருக்கு" என்று பதில் வரும். வந்துவிட்டால் எல்லாரும் வருகிறார்கள் என்று அர்த்தம்.

என் தம்பிக்கு வெறும் 'இருக்கு' சொல்ல வராது. "இருக்கு, யாரோ மிதிச்சிட்டாங்க." "இருக்கு, ஆனா பசிக்குது." ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சேர்த்துக்கொள்வான். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அது அந்த சீசனின் கடைசிப் பயணம். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, ஓய்வுபெற்ற ஒரு பேங்க் மேனேஜர், ஒரு டீச்சர். ஓட்டுவதில் டீச்சர் கொஞ்சம் மெதுவு. அதனால் அவரைத் தம்பிக்கு நேர் முன்னால் விட்டிருந்தேன். மதியம் பிடித்த மழை லேசில் விடவில்லை. வழியில் ஒரு கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். மழை விட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, காட்டுக்குள்ளேயே இருட்டிவிடும்.

"இங்கயே தங்கிடலாமாக்கா?" என்றான் தம்பி.

"எங்க, இந்த ஒழுகுற கொட்டாய்லயா? எல்லார்கிட்டயும் லைட் இருக்கு. மெதுவா போயிடலாம்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு நெற்றியில் விளக்கையும் கழுத்தில் அவசரத்துக்கு ஊதும் விசிலையும் மாட்டிக்கொண்டான்.

காட்டுக்குள் ஓர் ஓடை வந்து ஏரியில் சேருகிறது. அதன் மேல் ஒரு மரப்பாலம். கைப்பிடி கிடையாது. மழை பெய்தால் பலகை எண்ணெய் தடவினதுபோல வழுக்கும். எல்லாரையும் இறங்கித் தள்ளிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு நான் முதலில் கடந்தேன். ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கம் பாதை குறுகல், கடைசி ஆள் வரும்வரை கூட்டமாகக் காத்து நிற்க இடமில்லை. ஏறி மிதித்தோம். மணி ஆறு. குரல் கொடுத்தேன்.

"வால்?"

"இருக்கு."

தொடர்ந்து மிதித்தேன். ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. பின்னால் ஒன்றும் சேர்க்கவில்லை. வெறும் 'இருக்கு'.

நனைந்துபோய்க் குளிரில் வருகிறான், அவனுக்கும் வாய் ஓயும் நாள் ஒன்று வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு ஓர் ஏற்றம். ஏற்றத்தில் கூட்டம் பிய்ந்துவிடும். மேனேஜர் மூச்சு வாங்குவது எங்கோ கீழே கேட்டது.

"வால்?"

"இருக்கு."

அதே குரல். அதே அளவு. ஓர் இம்மிகூட ஏறவில்லை, இறங்கவில்லை. மேனேஜருக்கும் பின்னால், டீச்சருக்கும் பின்னால் வருகிறவன்... அவன் குரல் மட்டும் எப்படி இவ்வளவு கிட்டே, என் முதுகை ஒட்டிக் கேட்கிறது?

"டீச்சர், தம்பியோட லைட் தெரியுதா?" என்று கத்தினேன்.

"லைட் தெரியல. ஆனா பக்கத்துலதான் வர்றாரு. செயின் சத்தம் கேக்குது."

கொஞ்சம் விட்டு அவரே மறுபடி சொன்னார். "ரொம்ப ஒட்டி வர்றாருங்க. கொஞ்சம் தள்ளி வரச் சொல்லுங்களேன். கழுத்துல மூச்சு படுது."

என் தம்பி அப்படிப்பட்ட ஆள் இல்லை. வாய்தான் நீளமே தவிர, ஒரு சைக்கிள் தூரம் விட்டுத்தான் வருவான். அவனைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

"இருக்கு."

நான் இன்னும் கேட்கவே இல்லை.

இந்தத் தடவை சத்தம் பின்னாலிருந்து வரவில்லை. இடது பக்கத்திலிருந்து வந்தது. இடது பக்கம் பாதை கிடையாது. மரம் கிடையாது. ஏரி மட்டும்தான்.

பிரேக்கை அழுத்தினேன். பின்னால் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். டீச்சரும் நின்றார். அவருக்குப் பின்னால் செயின் சத்தம் இன்னும் ஒரு சுற்று ஓடி... அதுவும் நின்றது.

என் நெற்றி விளக்கின் வெளிச்சத்தைப் பின்னால் திருப்பினேன். டீச்சருக்குப் பின்னால் ஈரப் பாதை. அதற்குப் பின்னால் இருட்டு.

யாரும் இல்லை.

"தம்பி எங்கங்க?" என்றார் மேனேஜர்.

மெதுவாகக் கேட்டேன். "வால்?"

"இருக்கு."

டீச்சரின் தோளுக்குப் பின்னால். வெறும் இடத்தில்.

"டேய்... எங்கடா இருக்கே?"

"இருக்கு."

"உன் பேரைச் சொல்லு."

"இருக்கு."

புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். டீச்சர் ஹேண்டில்பாரை விடாமல் பிடித்தபடி என்னைப் பார்த்தார். உதடு வெளுத்திருந்தது.

"பாலத்துல தொப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. என்னாச்சுன்னு கேட்டேன். இருக்குன்னாரு. சரி, ஏதோ கல்லு விழுந்திருக்கும்னு வந்துட்டேன்."

பாலத்தைத் தாண்டி எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான். அவன் எங்கோ தண்ணீரில் கிடக்கிறான். நான் இங்கே எதனிடமோ பேசிக்கொண்டு நிற்கிறேன்.

ஏற்றம் முடிந்திருந்தது. கீழே விடுதியின் வெளிச்சம் தெரிந்தது. "சார், இவங்களைக் கூட்டிட்டு நேரா கீழ போங்க. வண்டியும் ஆளும் அனுப்பச் சொல்லுங்க, பாலத்துக்கு" என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"தனியா போகாதீங்க..."

நான் சைக்கிளைத் திருப்பிவிட்டேன்.

அந்தக் குரல் நின்ற இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். கன்னத்தில் ஈரமாக ஒரு குளிர் பட்டது.

பிறகு அது கூடவே வந்தது.

இப்போது வலது பக்கம் ஏரி. தண்ணீருக்கு மேலே... என் வேகத்துக்கு...

"இருக்கு."

மிதித்தேன்.

"இருக்கு."

அழுதுகொண்டே மிதித்தேன்.

"இருக்கு. இருக்கு."

பாலம் வந்தது.

குரல் நின்றது.

அவன் பாலத்துக்குக் கீழே இருந்தான். இரண்டு பாறைகளுக்கு நடுவில் கால் மாட்டியிருந்தது, அதன் மேல் சைக்கிள் கிடந்தது. நெஞ்சுவரை தண்ணீர். நெற்றி விளக்கு அணைந்திருந்தது. கண் திறந்திருந்தது. ஓடையில் இறங்கி அவனைப் பிடித்தேன். அவன் என்னைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. எட்டினவரை பின்னால் நகர்ந்தான்.

"நான்தான்டா. அக்கா."

பேசவில்லை. என் நெற்றி விளக்கையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"கழுத்துல விசில் இருக்குல்ல? ஊதக் கூடாதாடா பாவி?"

விடுதி ஆட்கள் வந்து சைக்கிளைத் தூக்கி, பாறையை நெம்பி எடுக்கும்வரை அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் குளிரே ஆளைக் கொன்றிருக்கும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. நர்சிடம் பேசினான், டாக்டரிடம் பேசினான். நான் உள்ளே போனால் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். தனியாக விட்டுவிட்டுப் போனேன் என்று கோபம் போல, கோபப்படட்டும், உயிரோடு இருந்து கோபப்படட்டும் என்று நானும் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் அறையில் வேறு யாரும் இல்லை. அவனாகவே கேட்டான்.

"எதுக்குக்கா ரெண்டு தடவை வந்தே?"

"ரெண்டு தடவையா? ஒரு தடவைதான்டா வந்தேன். மேட்டுலேர்ந்து நேரா வந்தேன்."

"இல்ல. நான் விழுந்த உடனே வந்தே. கத்தறதுக்கு வாயைத் திறக்கறதுக்குள்ள பக்கத்துல உக்காந்திருந்தே. தண்ணிக்குள்ளயே. என் லைட்டை நீதான் அணைச்சே."

"நான்... என்ன சொன்னேன்?"

அவன் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, சின்ன வயதில் பேசுவதைப் போலத் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"கத்தாதேடா, விசில் ஊதாதே, கண்ணை மூடித் தூங்குன்னு சொன்னே. அவங்க கேட்டா உனக்குப் பதிலா நான் சொல்லிக்கிறேன்னே. அக்காதானே சொல்றான்னு நானும் வாயை மூடிட்டேன்."