ஸ்பாமில் பத்திரமாக இருந்த கடிதங்கள்

தக்கலையில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு அலுவலகத்தில் பதினொரு மாதம் இருந்தேன். இரண்டாயிரத்துப் பத்து, பதினொன்று வாக்கில். அதற்கு முன் எந்த ஊரிலும் நான் அத்தனை நாள் தங்கியதில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பூரில் பனியன் மடித்தேன், பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு டீ கொண்டுபோனேன். அங்கேதான் ராத்திரி ஷிஃப்ட்காரர்கள் பக்கத்தில் நின்று, ஆயிரம் பேருக்கு ஒரே தட்டில் மெயில் அனுப்பும் வேலையைப் பழகிக்கொண்டேன். தக்கலை முதலாளிக்கு அந்தப் படிப்பு போதுமானதாக இருந்தது.

இண்டர்வியூ தேதி, மெடிக்கல் தேதி, விசா வந்த செய்தி எல்லாம் தானாகப் போகும்படி செய்து கொடுத்தேன். அடுத்த மாதமே, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்த பெண்ணை முதலாளி நிறுத்திவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் மாதம், நாங்கள் மெயில் அனுப்பப் பயன்படுத்திய சேவையிலிருந்து எச்சரிக்கை வந்தது. மெயில் கிடைத்தவர்களில் நிறையப் பேர் ஸ்பாம் பொத்தானை அழுத்துகிறார்களாம். ஒவ்வொரு அழுத்தலும் எங்கள்மேல் ஒரு புகார். புகார் கூடினால், அடுத்துப் போகும் மெயில்கள் இன்பாக்ஸுக்கு வராமல் நேராக ஸ்பாம் பெட்டிக்குள் விழும். அங்கே ஒரு மாதம் கிடந்து தானாக அழிந்துபோகும்.

முதலாளியிடம் சொன்னேன்.

“வேலை தாறேன்னு சொன்னா எவம்லே கம்ப்ளெய்ண்ட் குடுப்பான்?” என்றார்.

“நீங்க தினமும் காலையில ரோஜாப்பூ படம் போட்டு குட்மார்னிங் அனுப்பச் சொல்லுதீங்களே, அதுக்குத்தான் சார் குடுக்கானுவ.”

“ரோஜாப்பூ உன்ன என்னலே செஞ்சுது?”

இரண்டு நாள் கெஞ்சி அதை நிறுத்தினேன். பழைய பெயர்களை நீக்கினேன். ‘இனி மெயில் வேண்டாம்’ என்ற இணைப்பை, கண்ணில் படும்படி மேலே தூக்கிவைத்தேன். புகார் பாதியாகக் குறைந்தது. ஆனால் மிச்சப் பாதி அசையவில்லை. எந்த மெயிலுக்கு எத்தனை புகார் என்று பிரித்துப் பார்த்தேன். இண்டர்வியூ தேதிக்கும் விசா செய்திக்கும்தான் அதிகம். மனிதர்கள் காத்துக் கிடக்கும் கடிதங்கள் அவை.

அந்தச் சமயத்தில் அலுவலகத்துக்கு அடிக்கடி வந்துபோனவர் தேங்காய்ப்பட்டணத்து வெல்டர் ஒருவர். கப்பல் கட்டும் ஒரு கம்பெனி நேரில் நடத்திய தேர்வில் தேறியிருந்தார். மெடிக்கல் மட்டும் பாக்கி. அந்தக் கம்பெனி நாற்பது வயதுக்கு மேல் ஆளை எடுக்காது. அவருக்கு நாற்பது ஆக ஆறு வாரம் இருந்தது. இந்த முறை போகாவிட்டால் பிறகு இல்லை.

“தேதி வரும்வரை சும்மா இருந்தா அடுப்பு எரியாது மக்கா. போட்டுல மீன்பிடிக்கப் போறேன்,” என்றார். “மெயில் வந்தா வீட்டுக்காரி பாத்துக்கிடுவா. வயர்லெஸ்ல சொல்லிவிட்டா, அடுத்து கரைக்கு வாற போட்டுல ஏறி வந்திருவேன்.”

அவருடைய மெடிக்கல் தேதி மெயிலாகப் போனது. என் திரையில் ‘சேர்ந்துவிட்டது’ என்று பச்சை நிறத்தில் காட்டியது. ஸ்பாம் பெட்டியில் விழுந்தாலும் அது பச்சைதான் என்பது எனக்குத் தெரியும். அப்போது ஏனோ அதை யோசிக்கவில்லை.

புகார் வந்த முகவரிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பாதிக்கு மேல், ஆள் பெயருக்குப் பின்னால் ஒரே மூன்று எழுத்து. விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் தேங்காய்ப்பட்டணத்துப் பக்கம். மறுநாள் கருங்கல் ஊர் வழியாக அங்கே போகும் பஸ்ஸில் ஏறினேன்.

அந்த மூன்று எழுத்து ஒரு பிரௌசிங் சென்டரின் பெயர். நாலு கம்ப்யூட்டர், பக்கத்துக் கடையில் மீன் வலை வாங்க வந்தவர்கள் விட்டுப்போன இரண்டு மூட்டை. ஐம்பது வயதை நெருங்கிய அக்கா ஒருவர் நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் கரையில் வெளிநாட்டுக்கு முயற்சி செய்த எல்லாருக்கும் மெயில் ஐடி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். பாஸ்வேர்டுகள் ஒரு நோட்டில் இருந்தன. தினமும் எல்லாருடைய பெட்டியையும் அவரே திறந்து பார்த்து, வீட்டுக்கு ஆள் விட்டுச் சொல்வார்.

“அக்கா, எங்க மெயில எதுக்கு ஸ்பாம்ல போடுதீங்க?”

“பின்னே எங்க போட? இங்க வாறவன் போறவன் எல்லாம் அடுத்தவன் பெட்டியத் திறந்து நோண்டுதான். ஒருத்தனுக்க விசாக் கடுதாசிய ஒரு சவம் அழிச்சுப் போட்டான், கேட்டியா? அந்தப் பெட்டிக்குள்ள போட்டா ஒருத்தனும் எட்டிப் பாக்கமாட்டான்.”

சுவரில் மாதா படம் இருந்தது. அதன் பின்னால் நீல ஏர்மெயில் உறைகள் துருத்திக்கொண்டு நின்றன. அக்காவின் கணவர் மஸ்கட்டில் இருந்த காலத்தில் எழுதியவை. அந்தக் கரையில் வெளிநாட்டுக் கடிதத்தைக் கிழிக்கமாட்டார்கள், மாதாவுக்குப் பின்னால் செருகிவைப்பார்கள். கம்ப்யூட்டரில் அப்படி ஓர் இடத்தை அக்கா தேடிக் கண்டுபிடித்திருந்தார். எங்கள் கடிதங்களை வெறுத்தவர்கள் பொத்தானை அழுத்தினார்கள் என்று நினைத்திருந்தேன். அதிகம் அழுத்தியது அவற்றைக் காப்பாற்ற நினைத்தவர்.

“கொஞ்ச நாளா எனக்கு அந்த வேலையும் இல்ல,” என்று சிரித்தார். “நேத்து ஒரு பழைய கடுதாசி எடுக்கப் போனப்பதான் பாத்தேன், ஒங்க கடுதாசி வரும்போதே அதுக்குள்ளதான் போயி இருக்கு. நல்ல ஏற்பாடாக்கும்.”

உடனே வெல்டரின் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். இன்பாக்ஸ் காலி. ஸ்பாமில் எங்கள் மெயில் கறுப்பெழுத்தில், யாரும் திறக்காமல் இருந்தது. மெடிக்கல் தேதி முந்தாநாள்.

“எம்மா, நான் இன்பாக்ஸ மட்டும்லா பாத்தேன்,” என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

அங்கிருந்தே முதலாளிக்குப் போன் செய்தேன். மெடிக்கல் நடக்கும் திருவனந்தபுரம் லேபில் பேசிவிட்டு அவர் திரும்பக் கூப்பிட்டார். பட்டியல் நேற்றே கம்பெனிக்குப் போய்விட்டது, வராதவர்கள் பெயரை அடித்துவிட்டார்கள் என்றார். “நாம மெயில் அனுப்பினோம்லா? சேந்திருக்குன்னு காட்டுதுல்லா?” என்று இரண்டு முறை கேட்டார்.

அக்கா ஆள் விட்டிருந்தார் போல. வெல்டரின் மனைவி ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது ஒங்க கம்ப்யூட்டர் அனுப்பினதுதானே?”

“ஆமா,” என்றேன்.

“அப்போ அடுத்த வாரம்னு தேதிய மாத்தி இன்னொண்ணு அனுப்பு மக்கா. அவரு வந்திருவாரு.”

என்னால் அனுப்ப முடியும். தேதியை மாற்ற ஒரு நிமிடம் போதும். அதை எடுத்துக்கொண்டு போனால் லேப் வாசலில் அவரைத் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதான். இதை அவளுக்கு விளக்க முயன்றேன். நான் பேசப் பேச, எனக்கு மனமில்லை என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கும். கடைசியில் அக்காதான் அவள் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் வரை அங்கே இருந்து, அக்காவோடு சேர்ந்து நோட்டில் இருந்த ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து எங்கள் மெயில்களை இன்பாக்ஸுக்கு மாற்றினேன். விசாக் கடிதங்களை அச்செடுத்து அவரவர் வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னேன். சிலருடைய பழைய கடிதங்கள் அழிந்தே போயிருந்தன. போன் பேச ஆள் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். “புகார்தான் கொறஞ்சிட்டுல்லா, பெறவு என்னத்துக்கு?” என்றார். உண்மைதான், குறைந்துவிட்டது.

எட்டு நாள் கழித்து வெல்டர் அலுவலகத்துக்கு வந்தார். முகமெல்லாம் உப்புக் காய்ந்து தோல் உரிந்திருந்தது. சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பாஸ்போர்ட்ட எடு,” என்றார்.

பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

“ஒங்க லிஸ்ட்ல என் பேரு இருக்கும்லா?”

“இருக்கு அண்ணே.”

“வெட்டிரு. இனி அந்த மெயிலு வரண்டாம்.”

திரையை அவர் பக்கம் திருப்பி, பெயரைத் தேடி எடுத்து, நீக்கினேன். நிஜமாகவே நீக்க வேண்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. “ஆமான்னு குடு,” என்றார். கொடுத்தேன். பெயர் போய்விட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டு அவர் படியிறங்கினார்.